லட்சுமி கட்டிய பாஸ்டரம்மா சேலை

பாஸ்டர், நீங்கள் வேதத்தைப் பாதி படித்துவிட்டு என் மேல் முழுப் பழி போட்டீர்கள்.

இதை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன். ஆராதனை முடிந்ததும் நீங்கள் பக்கவாசல் வழியாகப் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். சபையில் எல்லாரும் படிக்கட்டும். எனக்கு அழகாக எழுத வராது, சேலை மடிக்கத்தான் வரும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் என் கடை இருக்கிறது. நான் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். சேலைக்கு அடியில் ஃபால்ஸ் தைப்பேன், ஓரத்துக்குப் பீகோ போடுவேன். இப்போது எல்லாரும் கேட்கிற ப்ளீட்டிங்கும் செய்வேன். சேலைக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து, முந்தானைக்கு மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி, சட்டையைப்போல அட்டைப்பெட்டியில் மடித்துக் கொடுப்பது. கட்டத் தெரியாத பெண்கூட ஐந்து நிமிடத்தில் உடுத்திக்கொண்டு கிளம்பிவிடலாம். எத்தனையோ மணப்பெண்களுக்கு நான் மடித்திருக்கிறேன். எவளும் தன் கல்யாணம் என்னோடு நடந்ததாக நினைக்கவில்லை.

ஆடி ஆவணியில் வரமஹாலட்சுமி பண்டிகை வரும். அந்த வெள்ளிக்கிழமை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு லட்சுமி வந்து உட்காருவாள். கலசம், அதன் மேல் தேங்காய், அதில் வெள்ளி முகம், சுற்றிலும் புதுச் சேலை. இப்போதெல்லாம் கை, இடுப்பு எல்லாம் வைத்த ஸ்டாண்டே கடையில் கிடைக்கிறது. இரண்டரை அடி அம்மாவுக்கு ஆறு கெஜம் சேலை. அகலத்தில் பாதியை உள்ளே மடித்து, விரல் அளவு மடிப்பாக எடுத்து, தையல் போட்டு நிறுத்தி, இரண்டு பக்கத்து ஜரிகையும் வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். அதுவும் மைசூர் சில்க் என்றால் கையில் நிற்காது. வழுக்கிக்கொண்டே போகும். மீனைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும்.

அந்த வாரத்தைப்போலச் சந்தோஷமான வாரம் வருஷத்தில் எனக்கு வேறு இல்லை. கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடியாக என்று சொல்ல வேண்டும்தான். சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நான் சமைக்க வேண்டும்.

சந்து முழுக்கப் பெண்கள். சாமந்திப்பூ வாசனை, வாழைக்கன்று சுமந்துகொண்டு போகிறவர்களின் சத்தம், ஆட்டோக்காரர்களின் திட்டு. என் கடை வாசலில் ஸ்டூலுக்குச் சண்டை. என் பழைய வாடிக்கைக்காரர் ஒரு கன்னட டீச்சர், ரிட்டயர் ஆனவர். தமிழும் பேசுவார். இந்த வருஷம் வந்ததும் வராததுமாகக் குற்றம் சொன்னார்.

"ஏன்ரீ, போன வருஷம் எங்க லட்சுமிய குண்டா காட்டிட்டீங்க. சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டாங்க."

"இடுப்புல மடிப்பு ஜாஸ்தி வைங்கன்னு நீங்கதான் சொன்னீங்க மேடம்."

"போன வருஷம் சொன்னேன். இந்த வருஷம் அவ டயட்ல இருக்கா."

கடையே சிரித்தது. இதுதான் நீங்கள் பிரசங்கத்தில் சோரம் என்று சொன்ன இடம், பாஸ்டர்.

டீச்சர் கொண்டுவந்தது கிளிப்பச்சைச் சேலை, மாம்பழ மஞ்சள் பார்டர். அதே வாரம் உங்கள் மனைவியும் ஒரு சேலை கொண்டுவந்தார். சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கட்ட. அதுவும் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் பார்டர். ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில் வாங்கியிருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் அந்தப் பச்சையில்தான் இருந்தார்கள். உங்கள் மனைவி மட்டும் முந்தானையில் முத்து வைத்த குஞ்சம் கட்டச் சொன்னார். கட்டினேன்.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் லீவு போட்டு உதவிக்கு வந்தார். அவர் கொள்ளேகால் பஸ் ஓட்டுகிறவர். மலைப்பாதையில் வண்டியைத் திருப்பத் தெரியும், பச்சைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. நான் மடித்து அடுக்கிய பெட்டிகளை ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். உங்கள் வீட்டுப் பெட்டி டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. டீச்சர் வீட்டுப் பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்தது.

டீச்சர் வெள்ளிக்கிழமை விடியற்காலை அவசரத்தில் பிரித்திருக்கிறார். மடிப்பு அகலமாக இருக்கிறதே என்று நினைத்தாராம். நேரம் இல்லை, அடியில் உள்ள துணியை உள்ளே தள்ளிப் பின் குத்திவிட்டார். பூஜை முடிந்ததும் எனக்குப் போட்டோ அனுப்பினார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. முத்துக் குஞ்சம் லட்சுமியின் தோளிலிருந்து தொங்குகிறது. முட்டாள் நான், குஞ்சத்தைக் கவனிக்கவில்லை. என் வேலை என்ற பெருமையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

சனிக்கிழமை காலை உங்கள் மனைவியின் போன்.

"அக்கா, இந்தச் சேலைய யாருக்கு மடிச்சீங்க? முழங்கால் வரைக்கும்தான் வருது. அதுக்கு மேல இழுத்தா தையல் தெறிக்குது."

"பிரிச்சுப் பாருங்கம்மா."

"பிரிச்சுட்டேன். விசிறி மாதிரி நிக்குது. அக்கா, என் முத்துக் குஞ்சம் எங்கே தெரியுமா?"

"எங்கம்மா?"

"உங்க ஸ்டேட்டஸ்ல. லட்சுமி கட்டியிருக்கா."

முதலில் சிரித்தது உங்கள் மனைவிதான், பாஸ்டர். அடக்க முடியாமல் சிரித்தார். பின்னால் உங்கள் குரல் கேட்டது, "என்ன விஷயம்?" என்று. சிரிப்பு நின்றுவிட்டது.

நான் போன் செய்ததும் அன்று மாலையே டீச்சர் சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். மேலே மஞ்சள், குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல், ரவிக்கைத் துணி. "ஃபாதர் வீட்டுச் சேலையா! பரவாயில்லை ரீ. உங்க சாமியும் எங்க அம்மாவும் இந்தச் சாக்குல ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க" என்றார். அதை உங்கள் வீட்டில் சேர்ப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

தீர்க்கதரிசிகளிடமிருந்து பிரசங்கம் செய்தீர்கள். விக்கிரகத்தின் பின்னால் போவதைத் தீர்க்கதரிசிகள் ஏன் சோரம் போவது என்று சொன்னார்கள் என்று கேட்டீர்கள். நீங்களே பதிலும் சொன்னீர்கள்: அசுத்தம் என்பதால். இந்த நகரமே வெள்ளிக்கிழமை அந்தப் பாவத்தைச் செய்தது என்றீர்கள். பிறகு, நம் சபையில் ஒரு சகோதரி அந்தச் சிலைக்கு ஊழியக்காரன் வீட்டுச் சேலையையே உடுத்திவிட்டாள் என்றீர்கள். கடைசியாக, அந்தச் சகோதரி சபைக்கு முன்னால் எழுந்து, இனி இந்த வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லும்வரை அவள் வீட்டு வெள்ளிவிழா ஜெபம் இந்த மேடையில் நடக்காது என்றீர்கள்.

பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு எங்கள் கல்யாண வெள்ளிவிழா என்று அறிவிப்புத் தாளில் போட்டிருந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். புருஷன் காதுபட அந்த வார்த்தையை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னீர்கள்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்.

"ஏண்டி, யாரோடயோ போயிட்டியாமே."

"வண்டியப் பார்த்து ஓட்டுங்க."

"ரெண்டரை அடி. அதுவும் பொம்பளை. எனக்கென்ன பயம்? லட்சுமியோடதானே போறே, போயிட்டு வா. வரும்போது கை நிறையக் கொண்டு வா."

முதுகில் ஒரு குத்து விட்டேன். சிக்னலில் நிறுத்தினார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "ஆனா ஜெபம் வேணும்டி. இருபத்தஞ்சு வருஷம். அந்த மேடைலதான் உன் கையப் பிடிச்சேன். அங்கதான் மறுபடி பிடிக்கணும்." அவர் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தைத்துப் போட்ட சட்டை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் யூனிஃபார்மும் ரெடிமேடும்.

சரி என்று எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. பண்டிகை வேலையை விட்டால் என் கடையில் பாதி போய்விடும், அதுகூடப் பெரிதில்லை. நான் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று என் புருஷன் முன்னால் எப்படிச் சொல்வேன்? அல்லது செய்திருக்கிறேனா? அதுதான் என்னைக் குடைந்தது. அதனால் படித்தேன். பண்டிகை முடிந்த வாரம் கடையில் வேலை குறைவு. வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு தீர்க்கதரிசிகளை ஒவ்வொருவராகப் படித்தேன். நீங்கள் சொன்ன இரண்டு வரியை மட்டும் அல்ல, அதற்கு முன்னும் பின்னும்.

நான் படிப்பாளி இல்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

ராஜாவுக்குக் கோபம் வந்தால் துரோகி என்பான். முதலாளிக்குக் கோபம் வந்தால் திருடன் என்பான். சோரம் போனாய் என்று கத்த ஒருவனால்தான் முடியும். தாலி கட்டியவனால். தீர்க்கதரிசிகள் கடவுளை அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். அவர் சட்டம் மீறப்பட்டதற்காகக் கத்தவில்லை. மனசு உடைந்து கத்துகிறார். அவர்களில் ஒருவரிடம், ஓடிப்போகும் பெண்ணையே கல்யாணம் செய்துகொள் என்கிறார். அவள் போன பிறகு, போய் அழைத்துவா என்கிறார். அசுத்தம் என்றால் தள்ளிவிட்டுக் கையைக் கழுவியிருக்கலாமே? நீங்கள் அந்த அழைத்துவரும் இடத்துக்கு வரவே இல்லை. பன்னிரண்டரை ஆகிவிட்டது, எல்லாருக்கும் பசி.

இன்னொன்று. அந்தத் திட்டெல்லாம் சொந்த ஜனத்துக்கு. பக்கத்து நாட்டுக்காரன் தன் சாமியைக் கும்பிட்டதை எந்தத் தீர்க்கதரிசியும் சோரம் என்று சொன்னதாக நான் பார்க்கவில்லை. சிரித்தார்கள், மரமும் கல்லும் என்றார்கள். சோரம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? அவன் அந்தக் கல்யாணத்தில் இல்லவே இல்லை. டீச்சர் நம் சபைக்கு வாக்குக் கொடுத்தவர் இல்லை. அவர் எந்த வாக்கை மீறினார்? எதிர்வீட்டுப் பெண் தன் புருஷனோடு சினிமாவுக்குப் போனால் எனக்குத் துரோகம் என்று நான் தெருவில் நின்று கத்தினால் என்னை எங்கே கொண்டுபோவார்கள்?

நான் வாக்குக் கொடுத்தவள். அதனால் அந்த வார்த்தையைச் சொல்லி என்னைக் கேட்கலாம். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வேதத்தில் ஓடிப்போன அந்த மனைவி என்ன செய்தாள் என்று பார்த்தேன். தானியமும் எண்ணெயும் ஆட்டுமயிரும் கொடுத்தவன் புருஷன். அவளோ இதெல்லாம் இன்னொருவன் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டு அவன் பின்னால் போனாள். அதைப் படித்ததும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அது தெரியும். நான் அதைச் செய்திருக்கிறேன். கடவுளுக்கு இல்லை, முதலில் என் வீட்டுக்காரருக்கு.

கடை ஆரம்பித்த புதிதில் ஆவி இஸ்திரி மேஜை ஒன்று வந்தது. அது இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை. அவர் லீவு எடுக்காமல், இன்னொருவர் டியூட்டியையும் சேர்த்து மாதக்கணக்கில் ஓட்டி அதை வாங்கிக் கொடுத்தார். திறப்புக்கு இரண்டு பக்கத்து உறவும் வந்திருந்தது. மேஜையைத் தடவிப் பார்த்து, யார் வாங்கியது என்று கேட்டார்கள். நான் சட்டென்று, "பெங்களூர் அண்ணன் வாங்கிக் குடுத்தான்" என்றேன். பிறந்த வீட்டுக்காரர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான். அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. கேசரி தின்றுகொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே தட்டு வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்று நாள் பேசவில்லை. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அந்த மூன்று நாள்தான். நான்காம் நாள் செருப்புப் போட்டுக்கொண்டே சொன்னார்: "உன் அண்ணனுக்குக் கறி ஆக்கிப் போடு, துணி எடுத்துக் குடு, நான் ஒண்ணும் சொல்லல. என் முதுகு வலிய அவன் பேர்ல எழுதாதே."

அன்றே மார்க்கர் வாங்கி அந்த மேஜை மேல் அவர் பேரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். இன்றும் இருக்கிறது. டீச்சர் ரொம்ப நாள் அதை மெஷின் கம்பெனி பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "நல்ல கம்பெனி ரீ, இத்தனை வருஷம் உழைக்குதே" என்றார். "ஆமா மேடம், கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்" என்றேன். பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த கம்பெனிக்குப் புரை ஏறிவிட்டது.

சேலை மடித்ததில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என் கை துணியைத் தொட்டது, மனசு தொழிலில் இருந்தது. ஒரு நாளும் அந்த முகத்தின் முன் நான் எதுவும் கேட்டதில்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் டெங்குவில் படுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் யாரிடம் அழுதேன் என்று எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் பிழைத்து வந்த பிறகு டீச்சர் கடைக்கு வந்தார். உங்களுக்காகப் பூஜை செய்தேன் என்றார். பிரியத்தில் செய்தவர். நன்றி மேடம் என்று சொல்லியிருக்கலாம். நான், "உங்க லட்சுமிதான் மேடம் காப்பாத்தினா" என்று பல்லைக் காட்டினேன். நம்பியா சொன்னேன்? இல்லை. பண்டிகை வருகிறது, ஆர்டர் வரட்டும் என்று சொன்னேன். கடை திறப்பன்று என் வீட்டுக்காரர் நின்றதுபோல, யாரிடம் அழுதேனோ அந்த ஆண்டவர் தட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதுதான் அந்த வார்த்தைக்குத் தகுந்த காரியம். அதற்கு நான் எழுந்து நிற்பேன். சேலைக்கு நிற்க மாட்டேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், பாஸ்டர்.

நம் சபை ஹாலின் கூரை. பெண்கள் ஐக்கியத்தில் நாங்கள் எத்தனை ஞாயிறு பிரியாணி கிளறினோம், அச்சு முறுக்கு சுட்டோம், பழைய சேலையில் பை தைத்து விற்றோம் என்று உங்களுக்குத் தெரியும். ருசி பார்க்க முதலில் வந்தவர் நீங்கள். ஒவ்வொரு தகடு ஏறும்போதும் ஜெபம் செய்தோம். மழைக்கு முன் முடியுமா என்று பயந்தோம், முடிந்தது. திறப்பு நாளில் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். அதில் கும்பிட்டுக்கொண்டு நிற்பவர் நம் வார்டு அரசியல்வாதி. அவருக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்து, "ஐயா இல்லையென்றால் நம் தலைக்கு மேல் கூரை இல்லை" என்றீர்கள். எங்களை எழுந்து கைதட்டச் சொன்னீர்கள். ஐயா கொடுத்தது இரண்டு ஃபேன். இறக்கைக்கு இறக்கை அவர் பேர். கரண்ட் போனால்தான் படிக்க முடியும். ஆண்டவருக்கு நன்றி எப்போது சொன்னீர்கள்? கடைசி ஜெபத்தில், ஐயா காருக்குப் போன பிறகு.

அன்று நானும் கைதட்டினேன். பக்கத்தில் அச்சு முறுக்கு சுட்டுக் கை வெந்துபோன பெண்கள் இருந்தார்கள், அவர்களும் தட்டினார்கள். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. தீர்க்கதரிசிகளைப் படித்த பிறகுதான் அந்த மாலை உறுத்துகிறது. லட்சுமிக்கு நான் வைத்த மடிப்பில் ஒரு பொய்யும் இல்லை. நீங்கள் போட்ட அந்த மாலையில் இருந்தது.

நேற்று உங்கள் மனைவி கடைக்கு வந்தார். பையில் அந்தக் கிளிப்பச்சைச் சேலை.

"ஞாயித்துக்கிழமைக்கு மடிச்சுக் குடுங்க அக்கா. உங்க வெள்ளிவிழாவுக்குக் கட்டணும்."

"பாஸ்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"வேற பச்சைன்னு சொல்லிக்கறேன். அவருக்கும் வித்தியாசம் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "குஞ்சம் லட்சுமிக்கு நல்லாத்தான் இருந்துச்சுக்கா. எனக்கு அவ்வளவு எடுப்பா இருக்குமான்னு தெரியல."

என் வீட்டுக்காரர் சேலையை வாங்கிப் பெட்டியில் வைக்க வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நீங்க தொடாதீங்க!" என்று கத்தினோம். சந்தே திரும்பிப் பார்த்தது. மூன்று பேரும் சிரித்துச் சிரித்து ஸ்டூலில் சாய்ந்துவிட்டோம். உங்களிடம் மறைக்கவில்லை, உங்கள் மனைவி கட்டிக்கொண்டு வரப்போவது அதே பச்சைதான். நான் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதுங்கக்கா என்றார்.

இந்த ஞாயிறு என் கல்யாணச் சேலையில் நான் வருவேன். புதுச் சட்டையில் அவர் வருவார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரிய மாட்டோம், மூன்றாவது வரிசையில் சேர்ந்து உட்காருவோம். நீங்கள் என்னை எழுப்ப வேண்டாம். அறிவிப்பு நேரத்தில் நானே எழுந்து டெங்கு விஷயத்தைச் சபைக்கு முன்னால் சொல்வேன். அழுதாலும் அழுவேன், சொல்லி முடிப்பேன். டீச்சரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவரிடமும் நான் பொய் சொன்னேன் அல்லவா.

நான் உட்கார்ந்த பிறகு உங்கள் முறை. அந்த மேடையில் எங்கள் கையைச் சேர்த்து வைத்து ஜெபம் செய்வதற்கு முன், மைக்கை அணைக்காமல், பக்கவாசலைப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள் பாஸ்டர்: நம் தலைக்கு மேல் இருக்கும் அந்தக் கூரையை நமக்குக் கொடுத்தது யார்?